பித்தளைத் தகட்டை நம்பலாமா? பழைய ஆங்கிலேய உருவப்படங்கள் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் ஒரு பழைய பண்ணை வீட்டுப் பொருள்கள் ஏலத்துக்கு வந்தபோது, பெரிய தைலவண்ண உருவப்படம் ஒன்றை வாங்கினேன். பழுப்பு நிறக் கோட்டும், அதனுள் தொடைவரை நீண்ட, சரிகை வைத்த வெயிஸ்ட்கோட் என்ற உள்மேலுடையும் அணிந்த நடுத்தர வயதுக் கனவான் ஒருவர் ஓக் மரத்தடியில் நிற்கிறார். கையில் துப்பாக்கி, அருகில் வேட்டைநாய், பின்னணியில் வயல்வெளி. கான்வாஸின் உயரம் 50 அங்குலம், அகலம் 40 அங்குலம். சட்டகத்தில் பொருத்திய பித்தளைத் தகட்டில் சர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் என்று இருக்கிறது. ஆனால் ஓவியத்தில் கையெழுத்து எங்கும் இல்லை. இது ரெனால்ட்ஸ் வரைந்ததுதானா? படத்தில் இருப்பவர் யார் என்று கண்டுபிடிக்க வழியுண்டா?

பதில்: தகட்டைத் தற்போதைக்கு மறந்துவிடுங்கள். இத்தகைய பெயர்த்தகடுகளில் பெரும்பாலானவை ஓவியம் வரையப்பட்டுப் பல தலைமுறைகள் கழிந்த பின், வாரிசுகளோ வியாபாரிகளோ பொருத்தியவை. சட்டகங்களும் ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்கு மாறிக்கொண்டே இருந்தன என்பதால், தகடு உங்கள் படத்துக்காகவே செய்யப்பட்டது என்பதற்குக்கூட உறுதியில்லை. அதேபோல், கையெழுத்து இல்லை என்பதையும் ஒரு குறையாக எண்ண வேண்டாம். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய உருவப்பட ஓவியர்களில் கையெழுத்திடும் வழக்கம் உடையவர்கள் குறைவு. அவர்களில் மிகப் புகழ்பெற்றவரான ரெனால்ட்ஸே அரிதாகத்தான் கையெழுத்திட்டார். நடிகை சாரா சிடன்ஸைச் சோக நாடகத்தின் தேவதையாக அவர் 1784இல் வரைந்த படத்தில் ஆடையின் விளிம்பில் தம் பெயரை எழுதியது இன்றுவரை தனித்துப் பேசப்படுவதே அந்த அருமையினால்தான். ஆகவே தகடு இருப்பதும் கையெழுத்து இல்லாததும் ஒன்றையும் நிரூபிக்கவில்லை. படத்தைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் உடையைப் பாருங்கள். 1730, 1740களில் வெயிஸ்ட்கோட் ஏறத்தாழ முழங்கால்வரை இறங்கியது. 1760களில் தொடையளவுக்குச் சுருங்கியது. 1780களின் இறுதிக்குள் இடுப்போடு நின்றுவிட்டது. நீங்கள் சொல்லும் நீளம் ஏறத்தாழ நூற்றாண்டின் நடுப்பகுதியையோ அதைச் சற்றுத் தாண்டிய காலத்தையோ சுட்டுகிறது. அவருடைய தலையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. மாவு தூவிய பொய்முடி இருந்தால் அந்தக் கணக்குக்கு வலு கூடும். 1795இல் பிரதமர் பிட்டின் அரசு முடிமாவுக்கு ஆண்டுக்கு ஒரு கினி (21 ஷில்லிங்) வரி விதித்தது. ஏற்கெனவே தளர்ந்துகொண்டிருந்த அந்த வழக்கம் அதன் பிறகு விரைவில் மறைந்தது. எனவே 1800க்குப் பிந்திய ஓர் இளைஞரின் படத்தில் பெரும்பாலும் சொந்தத் தலைமுடியையே காண்போம். நாட்டுப்புறத்து முதியவர்கள் தங்கள் இளமைக்கால உடையை விடாமல் அணிந்துவந்தார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உடை காட்டுவது, ஓவியம் இதற்கு முன் வரையப்பட்டிருக்க முடியாது என்ற எல்லையைத்தான்.

அடுத்தது துப்பாக்கி. இன்று பார்ப்பவருக்கு அது ஒரு பொழுதுபோக்கின் அடையாளமாகத் தோன்றும். அன்று அது ஒரு சட்டத் தகுதியின் அடையாளம். 1671ஆம் ஆண்டு வேட்டைச் சட்டத்தின்படி, கவுதாரி, ஃபெசன்ட் என்ற காட்டுப்பறவை, முயல் போன்றவற்றைச் சுடும் உரிமை, ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலமோ 150 பவுண்டு தரும் நீண்டகாலக் குத்தகை நிலமோ உடையவர்களுக்கும், எஸ்குவயர் என்ற தகுதிக்கும் அதற்கு மேற்பட்ட தகுதிகளுக்கும் உரியவர்களின் மூத்த மகன்களுக்குமே பெரும்பாலும் இருந்தது. சிறு குத்தகைக்காரர் தாம் உழும் வயலில் பயிரை மேயும் முயலைக்கூடச் சட்டப்படி சுட முடியாது. இந்த நில உடைமைத் தகுதி 1831இல்தான் நீக்கப்பட்டது. ஆகவே உங்கள் கனவான் துப்பாக்கியை ஏந்தி நிற்பதும், பின்னால் வயல் விரிந்திருப்பதும் ஒரே வாக்கியத்தின் இரண்டு பாதிகள்: இந்த நிலம் என்னுடையது, அதனால் இந்தத் துப்பாக்கி என் கையில் இருக்கிறது. அந்த வயலை உழுதவர்களில் ஒருவர்கூடப் படத்தில் இல்லை என்பதையும் பார்க்கத் தவறாதீர்கள். இந்த வகைப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் முதலில் அந்த வெற்றிடத்திடம்தான் போகிறது.

இதே மொழியை மிகத் தெளிவாகப் பேசும் படம் உங்கள் சஃபோக் பகுதியோடே தொடர்புடையது. சட்பரியில் பிறந்த தாமஸ் கெயின்ஸ்பரோ, சுமார் 1750இல், தம் இருபதுகளின் தொடக்கத்தில், அவ்வூருக்கு அருகே நிலம் வைத்திருந்த ராபர்ட் ஆண்ட்ரூஸையும் அவர் மனைவியையும் ஓக் மரத்தடியில் வரைந்தார். லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் அது இருக்கிறது. கணவரின் கைக்குக் கீழே துப்பாக்கி, காலருகே நாய், வலப்பக்கம் அறுத்துக் கட்டி நிறுத்திய கோதுமைக் கட்டுகள். அந்தக் கோதுமையின் அடித்தாள்கள் நேர்வரிசையில் நிற்பது, விதைப்புக் கருவியைப் பயன்படுத்தும் புதுமுறை உழவராகத் தம்மைக் காட்டிக்கொள்ள அவர் விரும்பியதன் அடையாளம் என்று கருதப்படுகிறது. மனைவியின் மடியில் ஒரு சிறு இடம் வண்ணம் தீட்டப்படாமலே விடப்பட்டுள்ளது. கெயின்ஸ்பரோவின் பெயரை உங்கள் படத்துக்குச் சூட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கிழக்கு இங்கிலாந்தின் சிறு நகரங்களில் தங்கியும் ஊர் ஊராகச் சென்றும் வரைந்த, பெயர் மறைந்துபோன ஓவியர்கள் பலர் இருந்தனர். உங்கள் படம் அவர்களில் ஒருவருடையதாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அளவும் பேசும். 50க்கு 40 அங்குலம் என்பது அரையுருவம் என்று வழங்கிய நிலையான அளவு. 30க்கு 25 அங்குலக் கான்வாஸ் தலையும் தோளும் மட்டும் உடைய சிறிய படத்துக்கு. 36க்கு 28 அங்குலம், ஒரு கையையாவது காட்ட இடம் தரும், கிட்-காட் என்று வழங்கிய அளவு. 94க்கு 58 அங்குலம் முழு உருவத்துக்கு. ஓவியர்கள் இந்த அளவுகளுக்கேற்பவே கட்டணம் வாங்கினார்கள். 1764இல் ரெனால்ட்ஸின் கட்டணம் தலைக்கு 30 கினி, அரையுருவத்துக்கு 70, முழு உருவத்துக்கு 150. நாட்டுப்புற ஓவியர்கள் இதில் சிறு பங்கையே பெற்றார்கள்: கெயின்ஸ்பரோவே சஃபோக்கின் இப்ஸ்விச் நகரில் இருந்த காலத்தில் ஒரு தலைக்குச் சில கினிகளே வாங்கினார். சிக்கனமாகத் தலையோடு நிறுத்தாமல் நிலமும் நாயும் இடம்பெறும் அளவை உங்கள் கனவான் தேர்ந்திருக்கிறார் என்பதிலிருந்து அவருடைய வசதியையும், அதைக் காட்டிக்கொள்ளும் விருப்பத்தையும் ஊகிக்கலாம்.

இனிப் படத்தைத் திருப்புங்கள். உங்களுக்கு மிகுதியாக உதவப்போவது முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான். வண்ணம் பூசிய லினன் துணிக்கு 1712 முதல் 1831 வரை பிரிட்டனில் கலால் வரி இருந்ததால், ஓவியத்துக்காகத் தயாரித்து விற்ற கான்வாஸிலும் வரி முத்திரை குத்தப்பட்டது. அந்த முத்திரையின் சுவடு தெரிந்தால் காலம் ஓரளவு கட்டுக்குள் வந்துவிடும். கான்வாஸ் விற்ற கடைக்காரரின் பெயரும் முகவரியும் அச்சாகியிருந்தால் இன்னும் நல்லது. கடைகள் தெரு மாறிய ஆண்டுகள் ஆராய்ந்து தொகுக்கப்பட்டுள்ளன, லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தின் இணையதளத்தில் அந்தப் பட்டியல் கிடைக்கிறது. எடுத்துக்காட்டாக, வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் தொடங்கியது 1832இல். அதன் முத்திரை மூலக் கான்வாஸில் இருந்தால் 1760 என்ற பேச்சுக்கே இடமில்லை. கான்வாஸை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தில் கறுப்பு மையில் அச்சுத்தகடு வைத்துப் பதித்த எண்களும் எழுத்துகளும் தெரிந்தால் அவற்றைத் துடைக்காமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்டிஸ் நிறுவனம் ஏலத்துக்கு வந்த படங்களுக்கு அப்படி எண்ணிடும் வழக்கம் உடையது. அந்த எண்ணைக் கொண்டு பழைய விற்பனைப் பதிவைத் தேடச் சொல்லிக் கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: பழைய கான்வாஸ் நலிந்தபோது, மாவுப்பசையும் கோந்தும் கொண்டு அதன் பின்னால் இன்னொரு துணியை ஒட்டிப் புதிய மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவது 19ஆம் நூற்றாண்டில் மிகப் பரவலாக இருந்தது. அப்படிச் செய்யப்பட்டிருந்தால் நீங்கள் காணும் பின்பக்கம் ஓவியத்தைவிட 100 ஆண்டு இளையதாக இருக்கக்கூடும்.

படத்தில் இருப்பவரின் பெயரைப் பொறுத்தவரை, ஓவியத்தின் மூலையில் பெயரோ வயதோ குலமரபுச் சின்னமோ எழுதப்பட்டிருந்தால் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து எழுத்தின் கோட்டை உற்றுப் பாருங்கள். வண்ணப் படலம் முதிர்ந்து விழுந்த மெல்லிய வெடிப்புகள் எழுத்தையும் சேர்த்துப் பிளந்திருந்தால் அது பழைய எழுத்து. மாறாக, எழுத்தின் வண்ணம் அந்த வெடிப்புகளுக்குள் வழிந்து இறங்கியிருந்தால், படம் வெடித்த பிறகு யாரோ எழுதியது. பேரப்பிள்ளைகள் நினைவிலிருந்து எழுதிய பெயர்கள் தவறாக இருப்பது சாதாரணம். தாத்தாவும் பெரிய தாத்தாவும் மாறிவிடுவார்கள். நீங்கள் படத்தை வாங்கிய அந்த வீட்டில் அடுத்தடுத்து வாழ்ந்த குடும்பங்களின் பட்டியலை மாவட்ட ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். உயில்களிலும் வீட்டுப் பொருள் பட்டியல்களிலும் படங்கள் அறை வாரியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதன் பிறகு, தேசிய உருவப்படக் கூடத்தின் ஹைன்ஸ் ஆவணக் காப்பகத்திலும், லண்டன் கோர்ட்டால்ட் நிறுவனத்தின் விட் நூலகப் புகைப்படத் தொகுப்பிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் பெயர் கிடைக்காவிட்டால், அடையாளம் தெரியாத கனவான் என்றே எழுதி வையுங்கள். பொருந்தாத ஒரு பெரிய பெயரைவிட அதுவே அவருக்குச் செய்யும் மரியாதை.

கேள்வி: எங்களிடமுள்ள ஒரு படத்தில் கோட்டும் பொத்தான்களும் வரைந்து முடித்த அன்றுபோல் துலங்குகின்றன, முகம் மட்டும் மெழுகுபோல் வெளிறியிருக்கிறது. இரண்டு பேர் வரைந்த படமாக இருக்குமோ?

பதில்: இருக்கலாம். உங்கள் படத்தின் முகமும் உடையும் வேறு வேறு கைகளாகத் தோன்றுவது அக்கால நடைமுறைக்கு முற்றிலும் பொருந்துவதே. படத்துக்கு இருப்பவர் முகத்துக்காகச் சில முறை வந்து உட்கார்வார். அவருடைய உடையை ஆளுயரப் பொம்மைக்கு மாட்டி, மடிப்புகளை அதைப் பார்த்தே வரைவார்கள். பல ஓவியர்கள் அந்த வேலையை உடை வரைவதில் தேர்ந்தவரிடம் அனுப்பிவிட்டார்கள். ஆண்ட்வெர்ப்பிலிருந்து லண்டனுக்கு வந்த ஜோசப் வான் ஆகன் 1749இல் இறக்கும்வரை உருவப்பட ஓவியர்களான தாமஸ் ஹட்சனுக்கும் ஆலன் ராம்சேக்கும் உடை வரைந்தார். ரெனால்ட்ஸுக்குப் பீட்டர் டாம்ஸ் வரைந்தார். வேறு வேறு ஓவியர்களின் படங்களில் ஒரே பட்டுத்துணியின் பளபளப்பைக் காண்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் வெளிறலுக்கு வேறு காரணமும் உண்டு, அதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். கன்னத்தின் சிவப்புக்குப் பயன்பட்ட கார்மைன் போன்ற சாயச் சிவப்புகள் ஒளிபட்டால் மங்கிவிடும். ரெனால்ட்ஸ் வரைந்த முகங்கள் சில அவர் உயிரோடிருந்தபோதே வெளிறி, வாடிக்கையாளர்கள் குறைகூறும் நிலை வந்தது. கோட்டுக்குப் பயன்பட்ட மண்வண்ணங்கள் அப்படி மங்குவதில்லை. மூன்றாவது வாய்ப்பு வருந்தத்தக்கது: முந்தைய துப்புரவின்போது யாரோ முகத்தை மிகையாகத் தேய்த்து, மேற்பரப்பின் மெல்லிய வண்ணப் பூச்சைக் கரைத்து எடுத்துவிட்டிருக்கலாம். சாதாரணமாக முகத்தைத்தான் முதலில் துலக்கிப் பார்க்கிறார்கள். அதனால் முகமே முதலில் கெடுகிறது.

கேள்வி: பழுப்பேறிய படத்தை உருளைக்கிழங்குத் துண்டாலோ ரொட்டியாலோ தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்கிறார்களே?

பதில்: வேண்டவே வேண்டாம். ஈரமும் மாவுச்சத்தும் வெடிப்புகளுக்குள் நுழைந்து பூஞ்சைக்கு உணவாகும். உள்ளே இறங்கும் ஈரம், அடிப்பூச்சிலிருந்து வண்ணத்தைப் பெயர்க்கும். பழுப்புக்குக் காரணம் பெரும்பாலும் முதுமையில் மஞ்சளாகும் மர ரெசின் வார்னிஷும், அதன் மேல் படிந்த புகையுமே. அவற்றை நீக்கக் கரைப்பான்கள் தேவை. எந்தக் கரைப்பான் வார்னிஷைக் கரைத்து வண்ணத்தை விட்டுவைக்கும் என்பதை ஓரத்தில் பொட்டளவு இடத்தில் சோதித்துப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். குறிப்பாக, இருண்ட நிழல்களில் சில ஆங்கிலேய ஓவியர்கள் கலந்த நிலக்கீல் எப்போதும் முழுமையாக உலர்வதில்லை. அகன்ற, பள்ளமான வெடிப்புகள் தெரிந்தால் அந்த இடத்தில் விரல்கூடப் படக்கூடாது.

நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இருட்டறையில் புறஊதா விளக்கை ஏந்திப் படத்தைப் பாருங்கள். பழைய ரெசின் வார்னிஷ் பச்சை கலந்த மங்கலான ஒளியில் மின்னும். பின்னாளில் தொட்டு வரையப்பட்ட இடங்கள் கரும்புள்ளிகளாகத் தனித்து நிற்கும். அதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, பிரிட்டனின் ஐகான் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பதிவேட்டிலுள்ள ஓவியப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவரிடம் கொண்டுபோங்கள். அதுவரை கணப்பு அடுப்புக்கு மேலே மட்டும் மாட்டாதீர்கள். ஆங்கிலேய வீடுகளில் முன்னோர் படத்துக்கு மரபாகத் தரப்பட்ட இடம் அதுதான், வெப்பத்தாலும் புகையாலும் படம் மிகுதியாகக் கெட்டதும் அங்குதான்.

கேள்வி: ஏல அட்டவணைகளில் ஓவியரின் பெயருக்கு முன்னால் வரும் சொற்களுக்கு உண்மையில் என்ன மதிப்பு?

பதில்: விலை முழுவதும் அந்தச் சொற்களில்தான் இருக்கிறது. முழுப்பெயர் மட்டும் இருந்தால், அது அவருடைய படம் என்று ஏல நிறுவனம் கருதுகிறது. அட்ரிபியூட்டட் டு என்றால் பெரும்பாலும் அவருடையதாக இருக்கலாம், உறுதியில்லை. ஸ்டூடியோ என்றால் அவருடைய பட்டறையில், அவர் மேற்பார்வையில் வேறு கை வரைந்திருக்கலாம். சர்க்கிள் என்றால் அவர் காலத்தவர், அவர் தாக்கம் பெற்றவர். ஃபாலோவர் என்றால் அவர் பாணியில் வரைந்தவர், மாணவராக இருக்க வேண்டியதில்லை. மேனர் ஆஃப் என்றால் பாணி ஒன்றே ஒற்றுமை, காலம் மிகப் பிந்தியதாகவும் இருக்கலாம். ஆஃப்டர் என்றால் அறியப்பட்ட படத்தின் நகல். நகல் என்றால் இழிவு என்று பொருளில்லை: பிள்ளைகள் ஒவ்வொருவரும் தந்தையின் படத்தைத் தம் வீட்டில் மாட்ட விரும்பியதால், அதே காலத்தில் அதே பட்டறையில் செய்த நகல்கள் ஏராளம்.

கேள்வி: இவ்வளவு பெருமையாக வரைவித்த முன்னோர் படங்களை ஆங்கிலேயக் குடும்பங்கள் ஏன் விற்றன?

பதில்: பணம் இல்லாமல் போனதால். 1870களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சமவெளிகளின் மலிவான கோதுமை வந்து இறங்கியது, இங்கிலாந்தின் தானிய விலையும் நிலக் குத்தகையும் சரிந்தன. அதுவரை பல குடும்பங்களில் நிலமும் வீடும் படங்களும் வாரிசு விற்க முடியாதபடி ஒப்பந்தத்தால் கட்டப்பட்டிருந்தன. 1882ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கட்டைத் தளர்த்தி, நீதிமன்ற அனுமதியோடு பரம்பரைப் பொருள்களையும் விற்க வழிசெய்தது. 1894இல் இறப்புக்குப் பிந்தைய சொத்துவரி வந்தது. நிலத்தை விற்றால் குடும்பத்தின் தகுதியே போய்விடும். படத்தை விற்றால் சுவரில் ஒரு வெற்றிடம்தான். எனவே படங்கள் முதலில் போயின.

வாங்கக் காத்திருந்தவர்கள் அமெரிக்கச் செல்வர்கள். ஜோசப் டுவீன் என்ற வியாபாரி இந்த வணிகத்தின் உச்சியில் இருந்தார். கெயின்ஸ்பரோவின் நீலநிற உடைச் சிறுவன் படத்தை 1921இல் கலிஃபோர்னியாவின் ஹென்றி ஹண்டிங்டனுக்கு விற்றவர் அவரே. அந்தப் படம் இங்கிலாந்தை விட்டுப் போகுமுன் லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது பெருங்கூட்டம் திரண்டு வந்து விடைகொடுத்தது. இந்தப் பசி நிலவிய காலத்தில்தான், யாரோ ஒரு நாட்டுப்புற ஓவியர் வரைந்த நிலக்கிழார் படங்களுக்கெல்லாம் ரெனால்ட்ஸ், கெயின்ஸ்பரோ, ராம்னி என்ற பெயர்கள் தாராளமாகச் சூட்டப்பட்டன. முதல் கேள்வியிலுள்ள தகடும் அக்காலத்ததாக இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

கேள்வி: லண்டனில் வாங்கிய பழைய உருவப்படத்தை வெளிநாட்டிலுள்ள வீட்டுக்கு எடுத்துச்செல்ல அனுமதி வேண்டுமா?

பதில்: 50 ஆண்டுக்கு மேற்பட்ட பொருள்களுக்கு, அவற்றின் மதிப்பைப் பொறுத்து ஏற்றுமதி உரிமம் தேவைப்படும்; விண்ணப்பங்களை ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து பெறுகிறது. இதில் பலர் கவனிக்காதது, பிரிட்டனின் வரலாற்றில் இடம்பெற்றவர்களின் உருவப்படங்களுக்குப் பொதுவான தைலவண்ண ஓவியங்களைவிடக் குறைந்த மதிப்பு வரம்பு தனியாக வைக்கப்பட்டுள்ளது என்பதுதான். ஆகவே படத்தில் இருப்பவர் யார் என்ற கேள்வி இங்கே சட்டக் கேள்வியாகவும் ஆகிறது. நாட்டுக்கு இன்றியமையாதது என்று கருதப்படும் படத்தின் உரிமத்தைத் தள்ளிவைத்து, அதை உள்நாட்டிலேயே வாங்க அவகாசம் தருவார்கள். அதற்கான அளவுகோல்கள் 1952 முதல் வழக்கத்தில் உள்ளன. ரெனால்ட்ஸ் வரைந்த, பசிபிக் தீவைச் சேர்ந்த மாய் என்பவரின் படம் அவ்வாறு தடுத்து நிறுத்தப்பட்டு, 2023இல் லண்டன் தேசிய உருவப்படக் கூடமும் அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகமும் இணைந்து 5 கோடி பவுண்டுக்கு வாங்கிய செய்தியைப் படித்திருப்பீர்கள். பெயர் தெரியாத நாட்டுப்புறக் கனவானின் படத்துக்கு அத்தகைய தடை வர வாய்ப்பு மிகக் குறைவு. ஆயினும் கப்பலிலோ விமானத்திலோ இடம் பதியும் முன், ஏல நிறுவனத்தின் ரசீதோடு அப்போது நடைமுறையிலுள்ள வரம்பைச் சரிபார்த்து, உரிமம் தேவையெனில் அனுப்பும் முகவர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.